ஜூலை மாசத்தைப் பாத்துட்டு புது வருஷ டார்கெட் எழுதுங்க

ஜனவரி பொறந்தா போதும், சின்னதா தொழில் பண்ணுற எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்குற கேள்வி இந்த வருஷம் என்ன டார்கெட்னுதான். போன வாரம் கருங்கல் பக்கம் பேக்கரி வச்சிருக்க ஒரு அக்கா போன் பண்ணி, "இந்த வருஷம் டபுள் பண்ணிரணும்னு நெனச்சிருக்கேன் மக்ளே, நீ என்ன நெனச்சிருக்க"ன்னு கேட்டாங்க. அவங்க உழைப்பு எனக்குத் தெரியும், காலைல நாலு மணிக்கு மாவு பிசைய எந்திரிக்கிறவங்க, அவங்களால முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா டபுள்ங்கிற அந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். டிசம்பர் கல்லாவைப் பாத்து வந்துச்சாம். அங்கதான் நான் பேசணும்னு நெனச்சேன், அவங்ககிட்ட சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதுதேன், தையல், தேன், கேக்கு, ஊறுகாய், பூக்கடைன்னு எது பண்ணுறவங்களுக்கும் ஆகும்.

நான் தக்கலை பக்கம் வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு பலகார யூனிட் நடத்துதேன். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ்தான் முக்கியம், கூட சர்க்கரை வரட்டி, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து. அக்கம்பக்கத்து அக்காமார்தான் வேலைக்கு. அதனால நான் சொல்லுற உதாரணம் எல்லாம் வாழைக்காயும் எண்ணெயுமாத்தான் இருக்கும், உங்க தொழிலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயம். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல ஜனவரி ஒண்ணாம் தேதி மாதிரி டார்கெட் எழுதுறதுக்கு மோசமான நாள் வேற இல்ல. ஏன்னா அதுக்கு முந்தின ஒன்றரை மாசம் தான் வருஷத்துலயே பெரிய வியாபாரம். கார்த்திகை ஒண்ணுல இருந்து ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வர ஆரம்பிச்சிருவாங்க, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில தொடங்கி டிசம்பர் 3 வரைக்கும், அப்புறம் கிறிஸ்மஸ், ஜனங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேரு கிறிஸ்தவங்களா இருக்க ஜில்லா இது, பலகாரத்துக்கு தீபாவளியை விட எங்க பக்கம் கிறிஸ்மஸ்தான் பெரிசு. சுசீந்திரம் மார்கழித் திருவிழா, ஸ்கூல் லீவு, வருஷக் கடைசி டூரிஸ்ட், 2024 டிசம்பர் 30-ம் தேதி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் தொறந்ததுல இருந்து அதைப் பாக்கணும்னே வேற வாறாங்க. இத்தனையும் சேந்து கல்லா நெறைஞ்சு, கை கால் ஓஞ்சு, மனசு மட்டும் உச்சத்துல இருக்க நேரத்துலதான் நோட்டைத் தொறந்து புது வருஷ டார்கெட்னு எழுத உக்காருதோம். அப்ப எழுதுற எந்த எண்ணும் டிசம்பர் எண்ணுதான்.

கணக்கா சொல்லுதேன். ஒரு யூனிட்டுக்கு வருஷ வியாபாரம் 12 லட்சம்னு வச்சுக்கோங்க, அதுல டிசம்பர் மட்டும் 2 லட்சம். டிசம்பரைப் பாத்தவங்களுக்கு மாசம் 2 லட்சம் ஓட்டிரலாம்னு தோணும், அப்ப வருஷம் 24 லட்சம், அதுதான் அந்த டபுள். ஆனா அதே யூனிட்ல ஜூலை மாசம் மழையில 50,000 தான் ஓடியிருக்கும். அந்த 50,000-த்தை 2 லட்சமா ஆக்குறதுக்கு நம்ம கிட்ட என்ன வழி இருக்குன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இருக்காது, மழையை நிறுத்த முடியுமா.

அதனால நான் பொங்கல் முடிஞ்சு, ஐயப்ப சீசனும் முடிஞ்சு, ஊரு அடங்குனதுக்கு அப்புறம்தான் உக்காருவேன். போன வருஷ பில் புக்கு, கடன் நோட்டு, போன்ல வந்த பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட், மூணையும் எடுத்துப் போட்டு மாசம் மாசமா எவ்வளவு வித்துச்சுன்னு ஒரே பக்கத்துல எழுதுவேன். இது ஒரு சாயந்திர வேலைதான், ஆனா பத்துல எட்டு பேரு இதைப் பண்ணாமத்தான் டார்கெட் எழுதுறாங்கன்னு நான் நெனைக்கேன். நோட்டே இல்லாதவங்க இருப்பீங்க, அவங்களுக்கு நான் சொல்லுறது ஒண்ணே ஒண்ணு, இந்த வருஷம் உங்களுக்கு வேற டார்கெட்டே வேண்டாம், தினமும் வரவு செலவு எழுதுறதுதான் டார்கெட், அதை ஒரு வருஷம் பண்ணிட்டீங்கன்னா அடுத்த ஜனவரியில நீங்க எழுதுற எண்ணுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

அந்தப் பக்கத்துக்குப் பக்கத்துல ஊரு காலண்டரையும் எழுதணும். நம்ம ஜில்லாவுல வருஷம் சமமா பன்னெண்டு துண்டா ஓடாது. மாசியில மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா, பத்து நாளு, கேரளாவுல இருந்து பொம்பளைங்க இருமுடி கட்டிட்டு வருவாங்க, அந்த ரோடு முழுக்க கடை. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம், 12 சிவன் கோயிலுக்கு ஓடிப் போறது, விளவங்கோடு கல்குளம் பக்கம் வழி நெடுக ஆளு. ஆனா அதே சமயம் லெந்து நாளு, அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்துரும், கல்யாண ஆர்டர் குறைஞ்சிரும், இனிப்பு வாங்குறது குறையும். ஈஸ்டர் முடிஞ்சதும் திரும்ப கல்யாணம், மே மாசம் ஸ்கூல் லீவு. ஜூன்ல மழை வந்தாச்சுன்னா எங்க தொழிலுக்கு சோதனை, பாக்கெட்டை ஒழுங்கா சீல் பண்ணலைன்னா சிப்ஸ் நமத்துப் போகும், டூரிஸ்ட்டும் குறைவு, ஆடியில கல்யாணமும் கிடையாது. அப்புறம் ஆவணி வந்து ஓணம், அது வந்துட்டா காய் கெடைக்காது, அவ்வளவு கிராக்கி, தோவாளை பூ மார்க்கெட்ல பூவுக்கு எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு ஏத்தங்காய்க்கு. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுற நேரம் எங்க ஊர்ல கூட்டம், அதுக்கப்புறம் ஐப்பசி மழை, திரும்ப கார்த்திகை.

இதுல வாங்குறவங்க கையில காசு எப்ப இருக்கும் எப்ப இருக்காதுங்கிறதையும் சேத்து எழுதுங்க, இது ரொம்ப முக்கியம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும், ஒரே ஜில்லாவுல ரெண்டு கடலுக்கு ரெண்டு கணக்கு. குலசேகரம், அருமனை பக்கம் போனீங்கன்னா ரப்பர், பிப்ரவரி மார்ச்சுல இலை உதிர்ந்து துளிர்க்குற நேரம் பால் வெட்டுறது நிக்கும், பெருமழையிலயும் நிக்கும், வெட்டு இல்லைன்னா கூலி இல்ல, கூலி இல்லைன்னா அந்த ஊர்க் கடைகள்ல கடன் ஏறும், கடைக்காரர் நமக்குத் தர வேண்டியதும் தள்ளிப் போகும். நாம சரக்கு போடுறது எந்த ஊரு கடையோ அந்த ஊரு எதுல பொழைக்குதுன்னு தெரியாம டார்கெட் எழுத முடியாது.

இப்ப அந்தப் பக்கத்தைப் பாத்து எண்ணை எழுதலாம். என் அளவுல போன வருஷத்தை விட பத்து சதவீதம் கூட்டுறதே ஒரு சின்ன யூனிட்டுக்கு நல்ல வளர்ச்சி, யாரு என்ன சொன்னாலும் சரி. 12 லட்சத்துக்குப் பத்து சதவீதம் 1,20,000. இதை மாசத்துக்குப் பத்தாயிரம்னு பிரிச்சுப் போடக் கூடாது, ஜூலையில அந்தப் பத்தாயிரம் வராது, வரலைன்னதும் மனசு ஒடஞ்சு ஆகஸ்ட்ல நோட்டையே தொறக்க மாட்டோம். ஓணத்துல இவ்வளவு, மே மாசத்துல இவ்வளவு, கிறிஸ்மஸ்ல இவ்வளவுன்னு வரக்கூடிய எடத்துலதான் போடணும், ஜூன் ஜூலைக்கு போன வருஷ அளவே வந்தா போதும்னு எழுதி வைங்க. குறைச்சு எழுதுறது சோம்பேறித்தனம்னு சிலபேரு சொல்லுதாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், மழைக்காலத்துக்கு மழைக்கால எண்ணுதான் நேர்மையான எண்ணு.

அடுத்து ரூபாயை கிலோவா மாத்துங்க. கிலோ 500 ரூபாய்னு விக்குதோம்னா 1,20,000 ரூபாய்க்கு 240 கிலோ சிப்ஸ். காய் நாலு கிலோ வாங்குனா தோலு போயி, தண்ணி வத்தி, சிப்ஸ் ஒரு கிலோ பக்கம்தான் கெடைக்கும், அப்ப 960 கிலோ காய், கிட்டத்தட்ட ஒரு டன். அந்த ஒரு டன்னை யாரு உரிப்பாங்க, யாரு சீவுவாங்க? ஒரு அடுப்புல ஒரு நாளைக்கு 20 கிலோ பொரிக்கலாம்னு வச்சா முழுசா 12 நாள் அடுப்பு வேலை கூடுது, அதுவும் பாதிக்கு மேல ஓணத்துக்கு முந்தின வாரங்கள்ல, ஏற்கெனவே ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் அடுப்பு எரியுற நாள்ல. இப்படிக் கேட்டாத்தான் தெரியும், இதுக்கு இன்னொரு அடுப்பு வேணுமா, இன்னொரு ஆளு வேணுமா, இல்ல இருக்கிறவங்களைக் கசக்கிப் பிழியப் போறோமான்னு. கசக்கிப் பிழிஞ்சு எட்டுற டார்கெட் எனக்கு வேண்டாம். எங்க அக்காமாருக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு, அவங்களுக்கும் ஓணம் கிறிஸ்மஸ் உண்டு. டார்கெட்டை எழுதுறதுக்கு முன்னாடி நான் அவங்ககிட்டதான் மொதல்ல கேப்பேன், "எக்கா, ஓணத்துக்கு இவ்வளவு கூட்டுனா முடியுமா"ன்னு. "கையால சீவுனா முடியாது, மெஷின் வாங்கித் தா, முடியும்"னு ஒரு அக்கா சொன்னாங்க. வேலை செய்யுறவங்க வாயில இருந்து வந்தா அது சரியான பதிலுதான், இந்த வருஷ டார்கெட்ல சீவுற மெஷினு ஏறுனது அப்படித்தான்.

மெஷின்னு சொன்னா லோனு வரும். முத்ரா லோன்ல சிசுன்னு ஒரு பிரிவு, 50,000 ரூபாய் வரைக்கும், ஈடு கேக்கக் கூடாது. சின்ன மெஷினுக்கு அது போதும். ஆனா எந்த லோனா இருந்தாலும் மாசத் தவணையை ஜூலை மாச வியாபாரத்தை வச்சுப் பாருங்க, ஜூலையில வீட்டுச் செலவு, கூலி, கரண்டு பில்லு எல்லாம் போக அந்தத் தவணை கட்ட முடியும்னா வாங்குங்க, டிசம்பர்ல கட்டிரலாம்னு தோணுறது கணக்கு இல்ல. பேங்க்காரங்க பன்னெண்டு மாசமும் தான் கேப்பாங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய எடம். வியாபாரத்துக்கு டார்கெட் வைக்குதோம், லாபத்துக்கு வைக்கிறதே இல்ல. 2025-ல தேங்காய் எண்ணெய் என்ன ஏறு ஏறுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், வருஷ நடுவுல லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போச்சு. ஒரு கிலோ சிப்ஸ்ல மூணுல ஒரு பங்கு எண்ணெய் தான் உள்ள இருக்கு, சட்டியில கழியுறது தனி, அதனால எண்ணெய் லிட்டருக்கு 100 ரூபாய் ஏறுனா கிலோ சிப்ஸுக்கு 35 ரூபாய் பக்கம் செலவு கூடும். கிலோவுக்கு 70 ரூபாய் லாபம் நிக்குற தொழில்னு வச்சுக்கோங்க, 12 லட்சம் வியாபாரம்னா 2,400 கிலோ, கையில நின்னது 1,68,000. எண்ணெய் ஏறுன வருஷத்துல பத்து சதவீதம் கூட்டி 2,640 கிலோ வித்தாச்சு, ஆனா வெலையை ஏத்தல, நிக்கிறது 35 ரூபாய்தான், மொத்தம் 92,400. டார்கெட் எட்டியாச்சு, அடுப்படியில கூட நின்னாச்சு, கையில 75,600 ரூபாய் கொறைஞ்சு போச்சு. இதை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்தவங்க அப்புறம் வியாபார எண்ணை மட்டும் டார்கெட்னு சொல்லவே மாட்டாங்க.

அதனால என்னோட டார்கெட்ல மொத வரி, மாசம் ஒண்ணாம் தேதி ஒரு கிலோவுக்கு அடக்கவிலை போட்டுப் பாக்குறது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் வெலையை மாசம் ஒண்ணாம் தேதிதான் மாத்துவாங்க, அதனால அந்த நாளே சௌகரியம். காய், எண்ணெய், கேஸு, கூலி, கவரு, வண்டி, இவ்வளவுதான், கால் மணி நேரம் போதும். அடக்கம் ஏறிட்டா கடைக்காரங்ககிட்ட மொதல்லயே சொல்லிரணும், "அண்ணாச்சி, அடுத்த சரக்குல இருந்து கிலோவுக்கு இவ்வளவு கூடும், எண்ணெய் வெலை உங்களுக்கே தெரியும்"னு. முகம் சுளிப்பாங்கதான், ஆனா எண்ணெயை மாத்துறதை விட வெலையை மாத்துறது மேலு. தேங்காய் எண்ணெய்ல பொரிச்சதுன்னு நம்பி வாங்குறவங்களுக்கு பாமாயில்ல பொரிச்சுக் குடுத்தா அந்த வருஷ லாபம் நிக்கும், அடுத்த வருஷ வாடிக்கை போயிரும்.

ரெண்டாவது வரி கடன். சரக்கு குடுத்துட்டு காசுக்கு நடக்குறதுதான் சின்னத் தொழில் பண்ணுறவங்களை உக்கார வைக்குது. இதுக்கு சட்டமே இருக்கு, நம்மாளுங்க நெறைய பேருக்குத் தெரியாது. உத்யம்னு ஆன்லைன்ல ஒரு பதிவு, ஆதார் வச்சு இலவசமாவே போட்டுக்கலாம், யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். அதுல பதிஞ்ச குறு, சிறு தொழில்கிட்ட சரக்கு வாங்குனவங்க, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும், ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல. 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியிலயும் ஒரு பிடி வச்சிருக்காங்க, அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலைன்னா, குடுக்குற வருஷம் வரைக்கும் அதை அவங்க செலவுல காட்ட முடியாது. ஆடிட்டர் வச்சு கணக்கு காட்டுற சூப்பர் மார்க்கெட், பெரிய கடைகள்கிட்ட இது நல்லா வேலை செய்யும், பில்லுல உத்யம் நம்பரை அடிச்சு விட்டாலே போதும், அவங்க ஆடிட்டரே ஞாபகப்படுத்துவாரு. சாயாக் கடை, பெட்டிக் கடைக்கெல்லாம் சட்டத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது, அங்க பழைய பாக்கி தந்தாத்தான் புது சரக்குன்னு அன்பா, ஆனா விடாம சொல்லணும். எத்தனை கடை புதுசா புடிக்கணும்னு டார்கெட் வைக்கிறவங்க, ஓணத்துக்கு முந்தி எந்தெந்தக் கடை பாக்கியை முடிக்கணும்னும் எழுதி வைங்க, ஓணத்துக்கு காய் வாங்குறது ரொக்கத்துல.

அப்புறம் கேரளா. களியக்காவிளை தாண்டுனா பாறசாலை, அங்க இருந்து திருவனந்தபுரம் எட்டுற தூரம், ஓணம் அங்கதான் பெரிசு, யாருக்குத்தான் ஆசை வராது. தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, ஆனா வரி உள்ள பொருளை வேற மாநிலத்துக்கு அனுப்பி வித்தா ஒரு ரூபாய்க்கு வித்தாலும் பதிவு வேணும். அவங்க வந்து நம்ம கடையில வாங்கிட்டுப் போறது வேற, நாம அங்க உள்ள கடைக்கு சரக்கு அனுப்புறது வேற. பதிவு எடுத்தா ஒழுங்கா ரிட்டர்ன் போடணும், அதுக்கு ஒரு ஆளுக்கு மாசாமாசம் குடுக்கணும். அந்தச் செலவு போகவும் நிக்குமான்னு பாத்துட்டு எறங்குங்க. நான் இந்த வருஷம் எறங்கல, நோட்டுல "கேரளா அடுத்த வருஷம்"னு எழுதி வச்சாச்சு. இப்படி இந்த வருஷம் பண்ணப் போறதில்லைங்கிறதை எழுதி வைக்கிறதுல ஒரு நிம்மதி இருக்கு கேட்டியளா, வெப்ராளம், அதான் மனப் பதட்டம், கொறையுது, யாராவது வந்து புதுசா ஒரு யோசனை சொன்னா நோட்டைக் காட்டிரலாம். தினம் ஒரு ரீல்ஸ் போடுறது, புது பிராஞ்சு, பத்து புது ஐட்டம், எல்லாம் என்னோட அந்தப் பக்கத்துலதான் இருக்கு. புது ஐட்டம் ஒண்ணே ஒண்ணு, மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், அதுவும் மே மாசத்துக்கு அப்புறம்தான்.

இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, நமக்கு சம்பளம். வீட்டுல இருந்து தொழில் பண்ணுற பொம்பளைங்க கூலி, வாடகை எல்லாம் குடுத்துட்டு மிச்சம் இருந்தா தனக்குன்னு நெனைக்கிறோம், மிச்சம் இருக்கவே இருக்காது. மாசம் ஐயாயிரமா இருந்தாலும் சரி, செலவுக் கணக்குல உங்க பேரை எழுதி எடுத்துக்கோங்க, அடக்கவிலையில அதுவும் ஏறணும், ஏறுனாத்தான் அது தொழிலு. இதை எந்த அக்காகிட்ட சொன்னாலும் கூச்சப்படுதாங்க, கூச்சப்பட இதுல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, ஒதுக்கிப் போடுற காசு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச நாளு, நம்ம ஜில்லாவுல இருக்க யாருக்கும் மறக்காது. கடலுக்குப் போனவங்க திரும்பல, அதுக்கு முன்னாடி நம்ம நஷ்டமெல்லாம் ஒரு நஷ்டமே இல்ல. ஆனா அன்னைக்கு வாழைத்தோட்டம் எல்லாம் தரையோட சாஞ்சு, ரப்பர் மரம் முறிஞ்சு, போஸ்டு விழுந்து நாள்கணக்குல கரண்டு இல்லாம எத்தனை சின்னத் தொழிலு நின்னுச்சு, அதுவும் கிறிஸ்மஸ் ஆர்டர் எடுத்து வச்சிருந்த நேரத்துல. அப்படி ஒண்ணு திரும்ப வந்தா ஒரு மாசக் கூலியும் வாடகையும் குடுக்குற அளவு காசு தனி அக்கவுண்ட்ல இருக்கணும். நான் டிசம்பர், ஓணம், மே மாச வியாபாரத்துல இருந்து மட்டும் ஒரு பங்கை அதுல போடுதேன், மழை மாசத்துல போடணும்னு கட்டாயம் வச்சுக்கல, கட்டாயம் வச்சா அது நிக்காது.

எழுதுன டார்கெட்டை எப்ப எடுத்துப் பாக்குறது? டிசம்பர்ல பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் ஈஸ்டர் முடிஞ்சு ஒரு தடவை பாப்பேன், அந்த நேரம் ஏப்ரல்ல புது நிதியாண்டு, புது பில் புக்கு தொடங்குறதும் ஒத்து வரும். அப்புறம் ஆடியில, வேலை கம்மியா இருக்கப்ப, ஓணத்துக்கு முன்னாடி. ஓணம் முடிஞ்சு மூணாவது தடவை. அப்ப எண்ணு பெரிசாத் தெரிஞ்சா குறைச்சு எழுதிருவேன், சின்னதாத் தெரிஞ்சா கூட்டுவேன், அடிச்சு எழுதுறதுக்குத்தானே பென்சில்ல எழுதுதோம். கருங்கல் அக்காவும் டபுளை அழிச்சிட்டு போன வருஷ பில் எல்லாம் எடுத்து அடுக்கிட்டு இருக்காங்களாம், கேக்கு எவ்வளவு, பன்னு எவ்வளவுன்னு மாசவாரியா பிரிச்சுட்டு திரும்பக் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்காங்க, கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்னேன். உங்க ஊரு காலண்டர்ல நான் விட்டுப்போன திருவிழா, சீசன் ஏதாவது இருந்தா எழுதுங்க, முக்கியமா ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கம் உள்ளவங்க, அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு இந்த வருஷம்தான் சரக்கு போட ஆரம்பிச்சிருக்கேன்.